இயந்திரத்தின் மூச்சைப் பெருக்கிய மேதை ஆல்பிரெட் பியூக்கி

மனிதன் படைத்த இயந்திரங்கள் உணவு உண்பதோடு மூச்சும் விடுகின்றன. எரிபொருள் அவற்றின் உணவு. காற்று அவற்றின் மூச்சு. உணவை எவ்வளவுதான் அள்ளிக் கொடுத்தாலும் மூச்சுக் குறைந்தால் இயந்திரம் சோர்ந்து கரும்புகை கக்கும். இந்த எளிய உண்மையைப் பற்றிக்கொண்டு, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே ஈந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியல் மேதை ஆல்பிரெட் பியூக்கி. இன்று கடலில் செல்லும் பெருங்கப்பல்களிலும், டீசல் ரயில் எஞ்சின்களிலும், நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிகளிலும் பேருந்துகளிலும் இயங்கும் டர்போ என்னும் கருவி அவர் கருத்தில் உருவானதே.

ஒரு கருத்து உதிக்கும் நாளுக்கும் அது பயன் தரும் நாளுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. பியூக்கியின் வாழ்வில் அத்தொலைவு இருபது ஆண்டுகள். அதைக் கடக்க அவருக்குக் கைகொடுத்தவற்றுள் தலையாயது குழாய்களை ஒழுங்குபடுத்தும் அறிவு. இதுவே இக்கட்டுரையின் கருப்பொருள்.

பிறப்பும் கல்வியும்

சுவிட்சர்லாந்தின் தொழில் நகரங்களுள் ஒன்று விண்டர்தூர். அந்நகரில் 1879ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் ஆல்பிரெட் பியூக்கி பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகரின் புகழ்பெற்ற சுல்சர் இயந்திரத் தொழிற்சாலையில் உயர் பொறுப்பு வகித்தவர். ஆகவே, இயந்திரங்களின் ஓசை அவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே பழகிப்போன ஒன்று.

1899இல் சூரிச் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். இயற்பியல் பயிலும் நாம் போற்றும் ஐன்ஸ்டைன் அதே கல்லூரியில் பயின்று 1900இல் பட்டம் பெற்றவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நீராவிச் சுழலி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற ஆரல் ஸ்டோடோலா அக்காலத்தில் அங்குப் பேராசிரியராக விளங்கினார். 1903இல் பட்டம் பெற்ற பியூக்கி, பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் பொறியாளராகப் பணியாற்றி அனுபவம் பெற்றார்.

விரயத்தைக் கண்ட கண்கள்

அந்நாளில் டீசல் எஞ்சின் வளர்ந்துவரும் குழந்தை. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஒரு பகுதியே பயனுள்ள வேலையாக மாறியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான கழிவு வாயுவோடு புகைக்குழாய் வழியே வெளியேறி வீணாயிற்று. எல்லோரும் இவ்விழப்பைத் தவிர்க்க முடியாத ஒன்றாகக் கருதினர். பியூக்கியோ அதில் ஒரு புதையலைக் கண்டார்.

வெளியேறும் வாயுவை ஒரு சிறு சுழலியின் தகடுகள் மீது மோதவிட்டால் சுழலி சுற்றும். அந்தச் சுழலி, காற்றை அழுத்தும் விசிறி ஒன்றைச் சுற்றுமாயின், அவ்விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். ஒரே அளவுள்ள சிலிண்டருக்குள் முன்பைவிட மிகுதியான காற்றுப் புகும். அதற்கேற்ப மிகுதியான எரிபொருளை முழுமையாக எரிக்கலாம். எஞ்சினைப் பெரிதாக்காமலே திறனைப் பெருக்கலாம். காற்றமுக்கி, பிஸ்டன் எஞ்சின், சுழலி ஆகிய மூன்றையும் வரிசையாக இணைத்த இவ்வமைப்புக்கு 1905 நவம்பர் 16இல் ஜெர்மன் காப்புரிமை கோரினார். அப்போது அவருக்கு வயது 26.

இருபதாண்டுத் தவம்

காப்புரிமை கிடைத்துவிட்டால் வெற்றி கிடைத்ததாகப் பொருளன்று. தாயகம் திரும்பிச் சுல்சர் நிறுவனத்தில் பணியேற்ற பியூக்கி, 1911 முதல் அங்கே சோதனைகளில் ஈடுபட்டார். ஆனால் இடையூறுகள் பலவாக இருந்தன. செந்தணலாய் வரும் வாயுவை நெடுநேரம் தாங்கவல்ல உலோகங்கள் அன்று அரியன. காற்றமுக்கிகளின் செயல்திறனோ மிகக் குறைவு. சுழலி தரும் ஆற்றல் அமுக்கியைச் சுற்றவே போதாத நிலை.

1915இல் வானூர்தி எஞ்சினுக்கென முன்மாதிரி ஒன்று உருவாயிற்று. உயரே செல்லச் செல்லக் காற்று மெலியும். அங்கே எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். அக்குறையைப் போக்குவதே நோக்கம். ஆயினும் அக்கருவி நம்பத்தக்கதாக அமையவில்லை. அதே ஆண்டில், சுழலி செய்வதில் வல்லதான பாடன் நகரத்துப் பிரௌன் போவரி நிறுவனத்தை அணுகினார்; உடன்பாடு ஏற்படவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் ராத்தோவும், அமெரிக்காவில் மாஸும் வானூர்திகளுக்கு இதே வழியில் முயன்றனர். கருத்தை முதலில் தந்தவரோ தம் நாட்டிலேயே கைகூடாத கனவுடன் காத்திருந்தார். பத்தாண்டு உழைத்தும் பயன் காணாத நிலையில் பலர் வேறு வேலை பார்க்கப் போயிருப்பர். பியூக்கி தளரவில்லை.

குழாய்களில் கிடைத்த வெற்றி

1925இல் அவர் பெற்ற காப்புரிமையே திருப்புமுனை. அதுவரை எல்லாச் சிலிண்டர்களின் கழிவு வாயுவையும் ஒரே பெரிய குழாயில் சேர்த்துச் சுழலிக்கு அனுப்புவது வழக்கம். அகன்ற குழாயில் வாயுவின் வேகமும் துடிப்பும் அடங்கிவிடும். மேலும், ஒரு சிலிண்டரின் வால்வு திறக்கும்போது எழும் அழுத்தம், பக்கத்துச் சிலிண்டர் தன் வாயுவை வெளியேற்றுவதைத் தடுக்கும். பலர் ஒரே குறுகிய வாயிலில் முண்டியடிக்கும் காட்சியை ஒத்தது இது.

பியூக்கி குழாய்களைப் பிரித்தார். ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாத சிலிண்டர்களை மட்டும் ஒரு குழாயில் சேர்த்தார். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர்கள் 1, 5, 3, 6, 2, 4 என்னும் வரிசையில் எரியுமாயின், 1, 2, 3 ஆகியவற்றுக்கு ஒரு குழாயும் 4, 5, 6 ஆகியவற்றுக்கு மற்றொரு குழாயும் அமைக்கலாம். அப்போது ஒவ்வொரு குழாயிலும் அடுத்தடுத்த வெளியேற்றங்களுக்கு இடையே அச்சுத்தண்டு 240 பாகை சுழன்றிருக்கும். குழாய்கள் குறுகலாகவும் நீளம் குறைந்தும் இருப்பதால் வாயுவின் துடிப்பு வலிமை குன்றாமல் சுழலியைச் சென்று தாக்கும்.

இரு துடிப்புகளுக்கு இடையே குழாயின் அழுத்தம் தாழும் நேரத்தில், உள்வழி வால்வும் வெளிவழி வால்வும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்கச் செய்தார். அமுக்கப்பட்ட புதுக்காற்று சிலிண்டரின் ஊடே பாய்ந்து, தங்கிய கழிவைக் கூட்டிப் பெருக்கி வெளியேற்றும். வால்வையும் சுவரையும் குளிர்விக்கும். மேம்பட்ட உலோகமும் அமுக்கியும் துணைநின்றன என்பது உண்மையே. ஆனால் அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து உயிர் கொடுத்தது இக்குழாய் ஒழுங்கே எனின் மிகையாகாது.

கடலில் கண்ட பயன்

1926இல் சுல்சரை விட்டு விலகிய பியூக்கி, முன்பு உடன்பாட்டுக்கு வராத பிரௌன் போவரியோடும் விண்டர்தூர் லோகோமோட்டிவ் தொழிற்சாலையோடும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை நிறுவினார். அதில் பொறியியல் தலைமை அவருடையது.

பால்டிக் கடலில் ஜெர்மனியின் பிற பகுதிகளையும் கிழக்குப் பிரஷ்யாவையும் இணைத்த புரொய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்னும் இரு பயணிகள் கப்பல்களே அவருடைய முறையை ஏற்ற முதற்கப்பல்கள். அவற்றிலிருந்த பத்துச் சிலிண்டர் டீசல் எஞ்சின்களின் திறன் டர்போவினால் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 ஆக உயர்ந்தது. அஃதாவது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட உயர்வு. இரண்டாம் உலகப் போரில், 1941 ஜூலையில், அவ்விரு கப்பல்களும் சுவீடனின் ஓலந்துத் தீவருகே கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கின. கப்பல்கள் மறைந்தாலும் அவை நிலைநாட்டிய முறை மறையவில்லை.

1938இல் சவுரர் நிறுவனம் டர்போ பொருத்திய லாரி எஞ்சினை வெளியிட்டது. அதே ஆண்டில், தாம் பயின்ற சூரிச் கல்லூரியே அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1959 அக்டோபர் 27இல், பிறந்த நகரமான விண்டர்தூரிலேயே, எண்பதாம் அகவையில் அவர் இயற்கை எய்தினார்.

அவருக்குப் பின்

1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், செவ்ரலே கோர்வேர் ஆகிய கார்களில் டர்போ இடம்பெற்றது. கார் எஞ்சின் நொடிக்கு நொடி வேகம் மாறுவது. எனவே காற்றழுத்தம் எல்லை மீறாதிருக்கக் காவல் தேவை. சுழலிக்குப் போகும் வாயுவில் ஒரு பகுதியை விலக்கிவிடும் கதவொன்று அமைத்தனர். அமுக்கியிலிருந்து வரும் சிறு ரப்பர் குழாய் வழியே அழுத்தம் ஒரு சவ்வைத் தள்ளக் கதவு திறக்கும். பின்னர் அக்குழாயின் இடையே சொலினாய்டு வால்வு புகுந்தது. இயற்பியல் நூலில் வரிச்சுருள் என்று நாம் படிக்கும் அதே பொருள்தான் அங்கே மின்னோட்டத்தால் வால்வைத் திறந்து மூடி, சவ்வுக்குச் செல்லும் அழுத்தத்தை அளந்து விடுகிறது.

காலப்போக்கில் இச்சிறு குழாய்கள் காடுபோல் பெருகின. 1990களில் ஜப்பானின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் இரு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணியேற்றன. அவற்றை மாற்றி இயக்க வேண்டிய சொலினாய்டுகளும் குழாய்களும் எஞ்சினின் உள்வழிக் குழாய்த் தொகுதிக்கு அடியில் அடர்ந்து கிடந்தமையால், அதனை எலிக்கூடு என்றே அமெரிக்க மெக்கானிக்குகள் அழைத்தனர். வெப்பத்தில் ரப்பர் இறுகி வெடிக்கும். கதவை இயக்கும் ஒரு குழாய் கழன்றாலும் சவ்வுக்கு அழுத்தம் எட்டாது, கதவு திறவாது, காற்றழுத்தம் கட்டுமீறி எஞ்சினே பாழாகலாம்.

ஆகவே கைதேர்ந்தோர், சொலினாய்டுகளை வெப்பம் குறைந்த, கை எட்டும் இடத்திற்கு மாற்றுகின்றனர். ஒவ்வொரு குழாயின் பணியையும் அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்டுகின்றனர். தேவையற்றதை மட்டும் நீக்கி, எஞ்சியவற்றைக் கூடியவரை குறுக்குகின்றனர். குழாய் நீண்டால் அழுத்தச் செய்தி தாமதமாகச் சென்று சேரும் என்பதையும், ஒருவழி வால்வைத் திசைமாற்றிப் பொருத்தினால் அனைத்தும் குழம்பும் என்பதையும் அவர்கள் அறிவர். புகையின் நஞ்சைக் குறைக்கவென அமைந்த குழாய்களை அவர்கள் தொடுவதில்லை. பணியறியாமல் வெட்டி எறிவது எளிமையாக்கல் ஆகாது, அது சிதைவே.

முடிவுரை

மாணவ நண்பர்களே! பியூக்கி தொடக்கத்தில் கண்டது ஒரு பெரிய கருத்து. அதனை வாழவைத்தது, எந்தக் குழாய் எதனோடு சேரவேண்டும், எதனோடு சேரக்கூடாது என்னும் சிறிய கேள்விக்கு அவர் பொறுமையோடு தேடிக்கண்ட விடை. புதியன படைக்கும் ஆர்வம் நம்மில் பலருக்கு உண்டு. படைத்ததை ஒழுங்குபடுத்தும் பொறுமை சிலருக்கே வாய்க்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்சுற்றை இணைக்கும்போதும், நாளைய வாழ்வில் ஒரு பொறுப்பை ஏற்கும்போதும், ஒவ்வொரு இணைப்பும் எதற்காக என்று கேட்கப் பழகுவோம். வீணாகிப் போகும் புகையிலும் ஆற்றலைக் கண்ட அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.