வெப்பத்துக்குக் கோடு போட்டவர்

நிலநடுக்கோட்டுப் பக்கம் வெயில் கொளுத்தும், துருவத்துப் பக்கம் குளிர் நடுக்கும். இது நாம படிச்ச பாடம். ஆனா நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே வருடம் பூரா பனி மூடிய மலை இருக்கே, அது எப்படி? இப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே உலகம் சுற்றியவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்.

1769 செப்டம்பர் 14-ல் பெர்லினில் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா இறந்துட்டார். மகன் அரசு வேலைக்குப் போகணும்னு அம்மாவுக்கு ஆசை. சுரங்கத்துறை அதிகாரி ஆனார். மனசு என்னவோ தூர தேசத்தில்தான்! 1796-ல் அம்மாவும் இறந்த பிறகு வேலையை விட்டார். தன் பங்குக்கு வந்த சொத்தை வைத்து, 1799-ல் தாவரவியல் அறிஞர் போன்பிளானோடு தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கூடவே தெர்மாமீட்டர், பாரோமீட்டர்னு பெட்டி பெட்டியாகக் கருவிகள்.

1802 ஜூன் 23. இன்றைய ஈக்வடார் நாட்டின் சிம்பொராசோ மலை. உயரம் 6,263 மீட்டர். அப்போ உலகிலேயே உயரமான மலை இதுதான்னு நம்பினாங்க. கையுறைகூட இல்லாமல் ஏறினார்கள். மூச்சுத் திணறியது, ஈறுகளில் ரத்தம் கசிந்தது. அப்பவும் அளப்பதை நிறுத்தலை! 5,800 மீட்டருக்கு மேலே போனதும் பெரிய பிளவு ஒன்று வழி மறித்தது. உச்சியைத் தொடாமலே திரும்பினார்கள்.

ஆனாலும் வெறுங்கையோடு வரவில்லை. அடிவாரத்தில் பனை வகை மரங்கள், மேலே போகப் போக புதர், புல், பாசி, கடைசியில் வெறும் பனி. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை பார்க்க வேண்டியதை ஒரே மலையில் பார்த்துட்டார்! ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்னு இன்று நாம் படிக்கிறோம்.

அடுத்து பெரு நாட்டுக் கடற்கரை. லிமா நகரம் 12 டிகிரி தென் அட்சத்தில்தான் இருக்கு. ஆனா அங்கே அவ்வளவு புழுக்கம் இல்லை. கடலில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது! தெற்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டம்தான் காரணம். மீனவர்கள் காலங்காலமாக அறிந்த நீரோட்டம்தான் அது. ஆனால் பிறகு இவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

1804-ல் ஐரோப்பா திரும்பினார். 1817-ல் ஒரே சராசரி வெப்பநிலை உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டினார். அதுதான் நம்ம பாடத்தில் வரும் சமவெப்பக் கோடு. அட்சக்கோடு நேராகப் போகுது, இது வளைந்து போகுது! நியூயார்க், இத்தாலியின் நேப்பிள்ஸ் இரண்டுமே ஏறக்குறைய 41 டிகிரி வட அட்சம். ஆனா குளிர்காலத்தில் நியூயார்க்கில் பனி கொட்டும், நேப்பிள்ஸில் அது அபூர்வம். ஐரோப்பாவுக்குக் காற்று கடல் மேலிருந்து வருது, நியூயார்க்குக்குக் குளிர்ந்த நிலப்பரப்பிலிருந்து வருது.

இமயமலையையும் அளக்கணும்னு அவருக்குத் தீராத ஆசை. கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவே இல்லை. மனம் தளராமல் 1829-ல், ஏறக்குறைய அறுபது வயதில், சைபீரியா வரை போய் வந்தார். சொத்தெல்லாம் பயணத்துக்கும் புத்தகத்துக்குமே கரைந்தது. 1859 மே 6-ல், 89-ஆம் வயதில் காலமானார்.

நண்பர்களே, அட்லஸில் சமவெப்பக் கோடு வளைந்து நெளிந்து போனால் அச்சுப்பிழைன்னு நினைச்சுடாதீங்க. ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒரு கடலோ, காற்றோ, நிலமோ இருக்கும். என்னன்னு கண்டுபிடிங்க!