பட்டம் கிடைக்காத டீச்சரும் வலை கட்டிய கம்பும்



ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் வாங்கி வந்தவங்க யாராவது உங்க கிளாஸ்ல இருக்காங்களா? காலையில அஞ்சு மணிக்கு கிரவுண்டு, எட்டரைக்கு லேப்னு ஓடுறவங்க. அவங்களை ஒரு நிமிஷம் மனசுல வெச்சுக்கோங்க.

இப்போ அமெரிக்காவின் பால்டிமோர் பக்கம் ஒரு தனியார் பள்ளி மைதானத்துக்குப் போவோம். பதினாறு வயசுப் பொண்ணு ஒருத்தி, நுனியில் வலை கட்டிய கம்போடு ஓடிக்கிட்டு இருக்கா. ஓரத்தில் குறிப்பெடுத்துக்கிட்டு நிற்பவர்கள் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள். அவங்களுக்கு இவளைப் பிடிச்சுப்போனா இவளுக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கும். ஆட்டத்தின் பெயர் லக்ராஸ்.

இந்தக் கம்பு பெண்கள் கைக்கு வந்த கதையைத் தேடிப் போனா, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு டீச்சர் கிட்ட போய் நிற்கும். பேர் லூயிசா லம்ஸ்டன். அவர் கேம்பிரிட்ஜ் பாடத்தைப் படிச்சார், பரீட்சை எழுதினார், தேறவும் செய்தார். பல்கலைக்கழகம் பட்டம் மட்டும் கொடுக்கல!

ஐந்து பேர் படித்த கல்லூரி

லூயிசா 1840 டிசம்பர் 31 அன்று அபர்டீன் நகரில் பிறந்தார். அப்பா வக்கீல். வசதியான வீடுதான். ஆனால் அந்தக் காலத்துப் பெண்ணுக்குப் பள்ளிப் படிப்பு முடிஞ்சா அடுத்து என்ன? கல்யாணம், இல்லேன்னா வீட்டிலேயே இருப்பது. பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

1869-ல் எமிலி டேவிஸ் என்ற பெண்மணி, ஹிட்சின் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் பெண்களுக்காக ஒரு கல்லூரி தொடங்கினார். முதல் பேட்ச்ல மொத்தமே ஐந்து பேர். அதில் ஒருவர் லூயிசா. அப்போ அவருக்கு வயசு 28. நம்ம கணக்குல சொன்னா, பி.இ. முடிச்சு ஆறேழு வருஷம் வேலை பார்த்துட்டு மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர் சேர்ற மாதிரி!

கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் ரயிலில் வந்து பாடம் எடுத்துவிட்டுப் போவார்கள். எமிலி டேவிஸ் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். பெண்களுக்கென்று சுலபமான தனித் தேர்வு வேண்டாம், ஆண்கள் எழுதும் அதே வினாத்தாள், அதே நேரம் என்பதுதான் அது. சின்ன வயசுலேயே லத்தீனும் கிரேக்கமும் படித்துவிட்டு வரும் பையன்களோடு, ஏறக்குறைய புதிதாகத் தொடங்கிய பெண்கள் போட்டி போட வேண்டும். 1873-ல் லூயிசா அந்தச் செவ்வியல் மொழித் தேர்வை எழுதி வெற்றி பெற்றார். அவரோடு ரேச்சல் குக்கும், கணிதத் தேர்வில் சாரா வுட்ஹெட்டும் தேறினார்கள். அந்தக் கல்லூரிதான் பிறகு கேம்பிரிட்ஜ் பக்கத்தில் கிர்ட்டன் கல்லூரியாக நிலைபெற்றது.

ஆனால் தேர்வுத்தாளைத் திருத்தியதே தேர்வாளர்கள் தனிப்பட்ட முறையில் செய்த உதவி. அதிகாரபூர்வமாக அந்த மூன்று பேரும் தேர்வு எழுதவே இல்லை! 1897-ல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, மாணவர்கள் சைக்கிள் ஓட்டும் பெண் உருவபொம்மையைத் தெருவில் தொங்கவிட்டுக் கலாட்டா செய்தார்கள். கோரிக்கை தோற்றது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தரத் தொடங்கியது 1948-ல். அதாவது லூயிசா இறந்து 13 வருஷம் கழித்து.

படிச்சா உடம்பு கெட்டுப்போகுமா?

இங்கேதான் விளையாட்டு கதைக்குள்ள வருது. லூயிசா தேர்வு எழுதிய அதே 1873-ல், பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் கிளார்க் என்ற டாக்டர் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெண்கள் ஆண்களைப் போல மூளைக்கு வேலை கொடுத்தால் உடல் நலம் கெட்டு, பிள்ளை பெறும் திறனே பாதிக்கப்படும் என்பது அவர் வாதம். அதை நிறையப் பேர் நம்பினாங்க.

இதுக்குப் பதில் பேச்சில் மட்டும் சொன்னால் போதாது, செஞ்சு காட்டணும். 1877-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெண்களுக்கான ஒரு தனியார் பள்ளி தொடங்கப்பட்டது. பிறகு செயின்ட் லியோனார்ட்ஸ் என்று பெயர் பெற்ற பள்ளி. முதல் தலைமையாசிரியை லூயிசா லம்ஸ்டன். பணக்காரப் பையன்கள் படிக்கும் பள்ளிகளில் இருந்த லத்தீன், கிரேக்கம், கணக்கு, விடுதி முறை, குழு விளையாட்டு எல்லாத்தையும் பெண்களுக்கும் கொண்டுவந்தார். மைதானம் அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. நல்லா ஓடி ஆடுற பொண்ணுங்களைப் பார்த்து, படிப்பு உடம்பைக் கெடுக்கும்னு யாரு சொல்ல முடியும்?

ஆனால் அவர் உடல்நிலை ஒத்துழைக்கவில்லை. 1882-ல் பதவியை விட்டார். கிர்ட்டனில் படித்த இன்னொருவரான ஃபிரான்சிஸ் டோவ் அந்த இடத்துக்கு வந்தார்.

மான்ட்ரியலில் பார்த்த ஆட்டம்

1884-ல் லூயிசா வட அமெரிக்காவுக்குப் பயணம் போனார். அங்கே மான்ட்ரியல் கிளப் அணிக்கும் பூர்வகுடி வீரர்களின் அணிக்கும் நடந்த ஒரு லக்ராஸ் ஆட்டத்தைப் பார்த்தார். அந்த வேகமும் நளினமும் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. ஊருக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி வியந்து எழுதினார்.

அவர் பார்த்ததில் என்ன விசேஷம்? பந்தைக் கையால் தொடக் கூடாது. வலைக்குள் வைத்துக்கொண்டே ஓடணும். பந்து விழாமல் இருக்க, குழந்தையைத் தொட்டில்ல ஆட்டுற மாதிரி கம்பை இரண்டு பக்கமும் ஆட்டிக்கிட்டே ஓடுவாங்க. நமக்குத் தெரிஞ்ச மையநோக்கு விசைதான்! ஆட்டும் வேகத்தில் வலை பந்தை உள்பக்கமாகத் தள்ளிக்கிட்டே இருக்கும். ஆட்டுறதை நிறுத்தினா பந்து எதிராளிக்கு. உடம்பால் முட்டி மோதாமல், கைத்திறனாலும் ஓட்டத்தாலும் ஜெயிக்கலாம் என்பதால் பள்ளிப் பெண்களுக்கு ஏற்றதாகவும் தோன்றியிருக்கும்.

இதில் ஒரு கசப்பான உண்மையும் இருக்கு. லக்ராஸ் ஹோடினஷோனி முதலான பூர்வகுடி மக்களின் ஆட்டம். அவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை, வழிபாட்டோடும் மருத்துவத்தோடும் சேர்ந்தது. ஆனால் கனடாவின் லக்ராஸ் சங்கம் 1880-லேயே பூர்வகுடி வீரர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று சொல்லி, அமெச்சூர் சாம்பியன் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. பரீட்சை எழுதியும் பட்டம் மறுக்கப்பட்ட ஒரு பெண், சொந்த ஆட்டத்திலேயே போட்டி மறுக்கப்பட்டவர்களின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கி நின்னிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க!

கம்பு கடல் தாண்டியது

1890-ல் செயின்ட் லியோனார்ட்ஸ் மைதானத்தில் பெண்கள் லக்ராஸ் தொடங்கியது. அப்போது தலைமையாசிரியையாக இருந்த டோவ், 1896-ல் இங்கிலாந்தில் வைகோம்ப் ஆபி என்ற பள்ளியை நிறுவினார். ஆட்டமும் அங்கே போனது. இப்படி ஆசிரியைகளும் பழைய மாணவிகளும் போன இடமெல்லாம் கம்பும் கூடவே போனது. செயின்ட் லியோனார்ட்ஸில் படித்த ரோஸபெல் சின்க்ளேர் 1926-ல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் அதைத் தொடங்கி வைத்தார். அமெரிக்கப் பள்ளிகளில் பெண்கள் லக்ராஸ் வேரூன்றியது அங்கேதான்.

லூயிசா சும்மா இருக்கவில்லை. 1895-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக மாணவிகள் விடுதியின் பொறுப்பாளரானார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு உழைத்தார். 1911-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1925-ல் டேம் பட்டமும் கிடைத்தது. 1935 ஜனவரியில் 94 வயதில் காலமானார்.

அதே கம்பு, புது ரேஸ்

1972-ல் அமெரிக்கா, கல்வியில் பால் பாகுபாடு கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு பல்கலைக்கழகங்கள் பெண்கள் விளையாட்டுக்கும் பணம் ஒதுக்கியே ஆகணும். 1982-ல் என்.சி.ஏ.ஏ. பெண்கள் லக்ராஸ் சாம்பியன் போட்டியைத் தொடங்கியது. வலை கட்டிய கம்பு அட்மிஷனுக்கு ஒரு சாவி ஆச்சு.

சாவின்னு ஆயிட்டா கூட்டம் சேராம இருக்குமா? பால்டிமோர் பக்கத்து மெக்டோனா என்ற தனியார் பள்ளியின் பெண்கள் அணி தொடர்ந்து 198 ஆட்டங்கள் ஜெயிச்சது! எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளே பல்கலைக்கழகங்களுக்கு வாய்மொழியாக வாக்குக் கொடுக்கும் நிலை வந்தது. பயிற்சியாளர்களே இது வேண்டாம் என்று கேட்டு, 2017-ல் விதி மாறியது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன்பு அவர்கள் மாணவிகளோடு பேசக் கூடாது.

பணமும் ஒரு பெரிய தடை. நீண்ட காலம் முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 12 முழு உதவித்தொகைதான் உச்சவரம்பு. முப்பது பேர் அணியில் இருந்தா அதையே பிரிச்சுக்கணும். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, சேர்க்கையில் மட்டும் கை கொடுக்கும். ஆனா அந்த இடத்துக்கு வரவே தனியார் பள்ளிக் கட்டணம், கிளப் கட்டணம், கோடைப் போட்டிச் செலவு எல்லாம் கட்டணும். ஹோடினஷோனி மக்களோ, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கள் சொந்தக் கொடியோடு ஆடும் உரிமைக்காகக் குரல் கொடுத்துக்கிட்டு இருக்காங்க.

படிக்க வந்த பெண்ணுக்கு விளையாட்டும் வேணும்னு லூயிசா மைதானத்தைத் திறந்தார். இன்னைக்கு அங்கே பலருக்கு விளையாட்டே படிப்புக்கு டிக்கெட். அவருக்கு மூடியிருந்த கதவு இப்போ திறந்திருக்கு, அது நிச்சயம் பெரிய விஷயம். ஆனா அந்தக் கதவுக்கு முன்னாடி இப்போ புதுசா ஒரு வரிசை நிக்குது.

நாளைக்குக் காலையில கிரவுண்டுல இருந்து வேர்த்து விறுவிறுத்து லேபுக்கு ஓடிவர்ற அந்த கிளாஸ்மேட்டைப் பார்த்தீங்கன்னா, அப்சர்வேஷன் நோட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுங்க. அவங்க ஓடி வர்ற பாதை 150 வருஷப் பழசு!