ஸ்பொய்லர் இல்லாத நாள்: ஜில் வில்நெவ் என்ற கியூபெக் பெடியன்

எமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெடியன் ஒருவன் புது ஸ்போர்ட்ஸ் கார் ஓடர் பண்ணப் போகிறான். படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, கலியாணத்துக்கு முன் ஒரே ஒரு ஆசை என்று தாயிடம் அனுமதி வாங்கிவிட்டான். தகப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. காரின் விலையைக் கேட்டு அல்ல, அதற்கு மேலே வரும் பட்டியலைப் பார்த்து. காற்று வரும் துவாரத்தைச் சுற்றித் தோல் ஒட்ட ஒரு காசு. இருக்கைப் பட்டிக்குச் சிவப்பு நிறம் வேண்டுமென்றால் இன்னொரு காசு. சில்லின் நடுவில் நிறத்தில் கொம்பனிச் சின்னம், அதற்கும் காசு. கதவுக்குள்ளே, கியர் பெட்டியைச் சுற்றி, கார்பன் ஃபைபர் தகடு பதிக்க ஆயிரக்கணக்கில். இப்படியே பக்கம் பக்கமாக. 1980களில் மொன்றியலுக்கு வந்து இறங்கி, துருப்பிடித்த பழைய வானில் ரொறன்ரோவுக்குக் குடும்பத்தோடு போய்வந்த மனிதருக்கு இது விளங்காதுதான். அந்த வானில் ஹீற்றர் வேலை செய்ததே பெரிய எக்ஸ்ட்ரா.

எம்மிடம் ஆலோசனை கேட்டார்கள். காரைப் பற்றி எமக்குப் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் ஒரு கதை தெரியும். இந்த ஊரிலே மெற்றோவில் ஏறி ஜோன் ட்ரப்போ நிலையத்தில் இறங்கி நடந்தால், எக்ஸ்போ 67 கண்காட்சிக்காக ஆற்றுக்குள் மண்ணும் கல்லும் கொட்டி உருவாக்கிய நொத்ர் டாம் தீவு வரும். கோடையில் எம்மவர் பலர் பிள்ளைகளோடு போய் நடக்கிற, சைக்கிள் ஓடுகிற அந்த வளைந்த தெரு ஒரு கார்ப் பந்தயப் பாதை. தொடக்கக் கோட்டில் ஒரு மனிதருக்கு வணக்கம் சொல்லி எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ தரம் அதற்கு மேலால் நடந்திருப்போம், யார் இவர் என்று கேட்டிருக்க மாட்டோம்.

ஜில் வில்நெவ் 1950 ஜனவரி 18 ஆம் திகதி மொன்றியலுக்கு அண்மையில் பிறந்தார். வளர்ந்தது பேர்த்தியவில் என்ற சிற்றூரில். தகப்பன் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். ஊர் ஊராகப் போய்ச் செய்கிற தொழில். பெரிய வருமானம் வரும் வீடல்ல. பெடியன் எக்காளம் பழகினான். காது நல்ல காது. ஆனால் அந்தக் காது வாத்தியத்தை விட எஞ்சின் சத்தத்தின் பக்கம்தான் திரும்பியது. பதின்ம வயதின் முடிவில் 1967 ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்ராங் ஒன்றைத் தன் கையாலே மாற்றியமைத்து, நேர்கோட்டு வேகப் போட்டிகளில் ஓடினார். அப்போது அவர் கையில் எக்ஸ்ட்ராப் பட்டியல் ஒன்றும் இல்லை. எது வேகத்தைக் கூட்டுமோ அது உள்ளே வரும், கூட்டாதது வெளியே போகும்.

காசு வந்தது காரால் அல்ல, பனியால். கியூபெக்காரர் வேறு எங்கு போவார்கள்? ஸ்னோமொபைல் இந்த மாகாணத்தில் பிறந்த வண்டி. அதை வைத்துப் பந்தயமும் நடந்தது. வில்நெவ் அதில் மன்னன். 1974 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள ஈகிள் ரிவரில் உலகப் பட்டமே வென்றார். கலந்துகொள்வதற்கே காசு கேட்டு வாங்கும் அளவுக்குப் பெயர். கோடைகாலக் கார்ப் பந்தயத்துக்கு மாரிகாலம் உழைத்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு போகத்து நெல்லை வைத்து மறு போகத்துக்கு விதைப்பது போல. முன்னே ஓடுகிற வண்டி கிளப்பிவிடும் பனித்தூளில் ஒன்றும் தெரியாது, தெரியாமலே ஓட வேண்டும். பின்னாளில் மழையில் இவரை ஒருவராலும் பிடிக்க முடியாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று அவரே நம்பினார். 1979 இல் நியூயோர்க் மாநிலத்து வொட்கின்ஸ் கிளென்னில், மழையில் நடந்த பயிற்சிச் சுற்றொன்றில் அடுத்தவரை விட 9 செக்கனுக்கு மேல் வேகமாக ஓடினார். செக்கனில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை பிடிக்கிற விளையாட்டில் 9 செக்கனுக்கு மேல் என்றால், மற்றவர்கள் வேறு நாளில் ஓடினார்கள் என்றே அர்த்தம்.

1973 இல் இரண்டு வருடப் பழைய ஃபோர்முலா ஃபோர்ட் கார் ஒன்றோடு கியூபெக் போட்டிகளில் இறங்கினார். ஓடிய பத்தில் ஏழு வெற்றி. அடுத்த படி ஃபோர்முலா அற்லான்ரிக். அதற்குப் பணம் வேண்டும். அப்போது அவருக்கு மனைவி ஜோன், இரண்டு வயதைத் தாண்டிய மகன் ஜாக், கைக்குழந்தை மெலனி. இருந்தது ஒரு நடமாடும் வீடு. அதை விற்றார். மனைவியிடம் கேளாமலே விற்றார் என்றும் சொல்வார்கள்.

இதை வாசிக்கும் எம்மவர் சிலருக்கு நெஞ்சு சுருக்கென்றிருக்கும். காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடகு வைத்து, ஏஜென்சிக்காரனுக்குக் கட்டித்தான் நாம் பலர் இங்கே வந்து சேர்ந்தோம். ஆனால் அது உயிர் தப்ப. இது கார் ஓட. இந்த விடயத்தில் நாம் வில்நெவ்வை மெச்சவில்லை. மெச்சுகிறவர்கள் ஜோனின் இடத்திலிருந்து ஒருமுறை யோசிக்கட்டும். அந்தப் பருவத்திலேயே மொஸ்போர்ட் பாதையில் மோதிக் கால் முறிந்தது. வீடும் இல்லை, காலும் இல்லை. அடுத்த ஆண்டு ஸ்கிறூல் என்ற ஸ்னோமொபைல் கொம்பனி கைகொடுக்க, மனிடோபா மாகாணத்து கிம்லியில் கொட்டும் மழையில் முதல் வெற்றி வந்தது. 1976 இல் ஒன்றைத் தவிர எல்லாப் போட்டியும் அவருடையது. நடுவில் காசு முடிந்து நின்றபோது மொன்றியல் வணிகர் கஸ்தோன் பரோன் கைகொடுத்தார்.

அந்த வருடம் த்ருவா ரிவியேர் நகரத் தெருக்களில் நடந்த போட்டிக்கு ஐரோப்பாவிலிருந்து பெரிய ஓட்டிகள் வந்திருந்தார்கள். அந்த ஆண்டே உலகப் பட்டம் வெல்லவிருந்த ஜேம்ஸ் ஹன்ரும் வந்திருந்தார். எல்லோரையும் உள்ளூர்ப் பெடியன் தோற்கடித்தான். ஹன்ர் பெருந்தன்மைக்காரர். திரும்பிப் போய் தன் மக்லாரன் அணியிடம் இந்தப் பெடியனை விடாதீர்கள் என்று சொன்னார்.

1977 யூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோனில் மக்லாரனின் பழைய கார் ஒன்றைக் கொடுத்தார்கள். 9 ஆவது இடத்தில் தொடங்கினார். நடுவில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மானி எகிறியது. எஞ்சினைக் காப்பாற்றுவோம் என்று உள்ளே வந்தார். பார்த்தால் எஞ்சின் சுகமாகத்தான் இருந்தது, பிழை மானியில். இரண்டு சுற்று போய்விட்டது, 11 ஆவதாக முடித்தார். டாஷ்போர்டில் எத்தனை திரை, எத்தனை மானி வேண்டும் என்று கேட்கிற பட்டியலைப் பார்க்கும்போது எமக்கு அந்த ஒரு மானி ஞாபகம் வருகிறது. மக்லாரன் அவரை வைத்துக்கொள்ளவில்லை. அது அவருடைய அதிர்ஷ்டம். இத்தாலியிலிருந்து என்ஸோ ஃபெராரி அழைத்தார். ஆளைப் பார்த்ததும் கிழவருக்குப் பழைய நுவொலாரியின் நினைப்பு வந்ததாம். உருவம் சிறிது, பயம் என்பது இல்லை.

வயதிலும் ஒரு சின்னத் தில்லுமுல்லு. 27 வயதில் ஃபோர்முலா 1 இற்கு வருவது பிந்தி வருவது. அதனால் 1952 இல் பிறந்தேன் என்று சொல்லி வைத்திருந்தார். கடவுச்சீட்டில் வயது மாறிய கதை எம் சமூகத்துக்குப் புதிதா என்ன.

தொடக்கம் நன்றாக இருக்கவில்லை. 1977 இல் ஜப்பானின் ஃபூஜியில் அவருடைய கார் இன்னொரு காரில் ஏறிப் பறந்து, தடை செய்யப்பட்ட இடத்தில் நின்ற இருவர் இறந்தார்கள். அடுத்த வருடமும் மோதல்கள். இத்தாலியப் பத்திரிகைகள் ஆளை மாற்றச் சொல்லி எழுதின. கிழவர் மாற்றவில்லை. 1978 ஒக்ரோபர் 8 ஆம் திகதி, மொன்றியலில் நடந்த முதலாவது கிராண்ட் பிறீ, நல்ல குளிர். முன்னால் ஓடிய ஜாரியேயின் லோட்டஸ் இடையில் நின்றுவிட, வில்நெவ் தன் முதல் வெற்றியைத் தன் சொந்த ஊரில் எடுத்தார். சொந்த மண்ணில், சொந்தச் சனத்தின் முன், தன் மொழியில் கூப்பிட்ட பெயரைக் கேட்டு வெல்வது எப்படியிருக்கும் என்று எம்மைப் போன்றவர்கள் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும்.

1979 இல் மூன்று வெற்றி. மொன்ஸாவில் அணித் தோழர் ஷெக்ரரைத் தாண்டாமல் பின்னாலேயே ஓடிப் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். சொல் சொல்தான் என்ற குணம். அது பின்பு வேறு விதமாக அவரைக் கடித்தது.

பட்டியலுக்கு வருவோம். அவருக்குத் தெருவில் ஓட ஃபெராரி 308 ஜி.ரி.எஸ். ஒன்று இருந்தது. கூரையின் நடுப்பகுதியைக் கழற்றி வைக்கலாம், எட்டு சிலிண்டர் எஞ்சின். அந்தக் காலத்திலும் எக்ஸ்ட்ராக்கள் இருந்தன. ஏசி, அகலமான சில்லு, முன்பக்கத்து ஆழமான ஸ்பொய்லர், பளபளக்கும் உலோகப் பெயின்ற், இவற்றுக்கெல்லாம் தனிக்காசு. ஆனால் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். மொனாக்கோ வீட்டிலிருந்து மரனெல்லோ தொழிற்சாலைக்கு அந்தக் காரில் அவர் போன வேகத்தைப் பற்றிக் கூடப் போனவர்கள் நடுங்கி நடுங்கிச் சொன்ன கதைகள் உண்டு. அதையும் நாம் மெச்சவில்லை. எமது பெடியன்களில் சிலர் இதே ஊர் நெடுஞ்சாலைகளில் போய்த் திரும்பி வரவில்லை. பந்தயப் பாதை வேறு, பால் வாங்கப் போகிற தெரு வேறு.

1981 ஆம் ஆண்டு ஃபெராரிப் பந்தயக் கார்தான் இந்தக் கதையின் மையம் என்று எமக்குப் படுகிறது. டர்போ எஞ்சின், பலம் அளவுக்கு மேல். ஆனால் அடிச்சட்டம் மோசம். வளைவில் கார் தன் பாட்டில் போகும். விலையான எஞ்சினைப் பொருத்திவிட்டு, அதைத் தாங்கும் உடம்பை மறந்துவிட்டார்கள். அந்தக் காரை வைத்து மொனாக்கோவில் வென்றார். மூன்று கிழமை கழித்து ஸ்பெயினின் ஜராமாவிலும் வென்றார். பின்னால் நான்கு கார்கள், எல்லாம் வளைவில் அவருடையதை விட நல்ல கார்கள், வாலைப் பிடித்தபடி வந்தன. முடிவில் ஐந்துக்கும் இடைவெளி ஒன்றேகால் செக்கன்தான். ஒரு பிழை விடவில்லை மனிதர்.

அந்த செப்ரெம்பரில் மொன்றியல், அடை மழை. மோதலொன்றில் முன்பக்கத்துச் சிறகு வளைந்து மேலெழுந்து அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது. முன்னால் பாதையே தெரியாது. பக்கத்தால் பார்த்துப் பார்த்து ஓடினார். பிறகு சிறகு முழுதாகப் பிய்ந்து போனது. காரை நிலத்தோடு அழுத்திப் பிடிப்பதே அதன் வேலை, அது இல்லாமல் ஈரத்தில் ஓடி மூன்றாவதாக முடித்தார். இன்று ஸ்பொய்லருக்கு எந்த வடிவம், எந்த நிறம் என்று யோசிக்கிறவர்கள், அதே தீவின் கரையில் நின்று ஒருமுறை அந்த நாளை நினைத்துப் பார்க்கலாம்.

1982 ஏப்ரல் 25, இமோலா. முன்னால் ஓடிய வில்நெவ், வரிசை மாறாது என்று நம்பி வேகத்தைக் குறைக்க, அணித் தோழர் பிரோனி கடைசிச் சுற்றில் தாண்டி வென்றார். வில்நெவ் அதை மன்னிக்கவில்லை. பதின்மூன்று நாள் கழித்து, மே 8 ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஸொல்டரில் தகுதிச் சுற்றின் கடைசி நிமிடங்கள். மெதுவாகப் போன யோகன் மாஸ் வழிவிட ஒதுங்கிய அதே பக்கத்துக்கு இவரும் திரும்பினார். கார் பறந்து சிதறியது. இருக்கையோடு வெளியே வீசப்பட்டவர் அன்றிரவு ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 32.

முந்தைய வருடம் மக்லாரன் அணி கார்பன் ஃபைபரால் உடற்கூடு செய்த கார் ஒன்றை இறக்கியிருந்தது. அந்தக் கார் மொன்ஸாவில் பயங்கரமாக மோதி இரண்டாகப் பிரிந்தபோது ஓட்டி ஜோன் வொட்சன் கூட்டுக்குள்ளிருந்து நடந்து வந்தார். ஃபெராரியின் 1982 கார் அலுமினியத் தேன்கூட்டுத் தகட்டால் செய்தது. கார்பன் கூடு ஃபெராரிக்கு வந்தது 1983 இல். அது இருந்திருந்தால் தப்பியிருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை, அந்த மோதல் அப்படிப்பட்டது. அன்று உயிர் காக்க வந்த பொருளைத்தான் இன்று கியர் பெட்டியைச் சுற்றி அழகுக்கு ஒட்டி ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்பதை மட்டும் அந்தப் பெடியனுக்குச் சொன்னோம்.

உடலைப் படை விமானத்தில் கனடாவுக்குக் கொண்டுவந்தார்கள். பேர்த்தியவில்லில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பிரதமர் ட்ரூடோ வந்திருந்தார். நொத்ர் டாம் தீவுப் பாதைக்கு அவ்வருடமே அவர் பெயரை வைத்தார்கள். வீடு விற்ற அன்று மழலையாக இருந்த ஜாக், 1997 இல் தகப்பனுக்குக் கிடைக்காத உலகப் பட்டத்தை வென்றார். தகப்பனின் கணக்கு 67 போட்டி, 6 வெற்றி. அவ்வளவுதான். அவரை விட அதிகம் வென்ற பலரின் பெயர் இன்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

பெடியன் பிறகு ஒரு சனிக்கிழமை பட்டியலோடு வீட்டுக்கு வந்தான். தோல் துவாரம், சிவப்புப் பட்டி, சின்னம், கார்பன் தகடு எல்லாவற்றையும் வெட்டியிருந்தான். பெரிய பிறேக்கை வைத்திருந்தான். சூடாகும் இருக்கையையும் வைத்திருந்தான், அது தாய்க்காகவாம். குளிர்கால ரயர் பட்டியலில் இல்லையே என்று தகப்பன் கேட்டார். டிசம்பர் 1 இலிருந்து மார்ச் 15 வரை இந்த மாகாணத்தில் அது சட்டம், எக்ஸ்ட்ரா அல்ல என்றோம். தகப்பன் தலையாட்டிவிட்டு, மிச்சம் பிடித்த காசில் நல்ல ரயராகவே போடச் சொன்னார்.