காமராஜர் வாள் தூக்கியது ஏன்? ஆயுதச் சட்டத்தோடு மோதிய விருதுநகர்க்காரர்

காமராஜர் என்றதும் மதிய உணவு, பள்ளிக்கூடம், அணைக்கட்டு எல்லாம் ஞாபகத்துக்கு வரும். வாள் வராது. ஆனால் 1927-ல், 24 வயதில், சென்னை மாகாணத்தில் 'வாள் சத்தியாகிரகம்' என்ற போராட்டத்தைக் கிளப்பியவர் அவர்தான். உரிமம் இல்லாமல் ஒரு வாளைக் கையில் எடுத்துக்கொண்டு பொது இடத்தில் நடக்க வேண்டும், போலீஸ் பிடித்தால் ஜெயிலுக்குப் போக வேண்டும். போராட்டம் அவ்வளவுதான்.

யாரையும் வெட்டுவதற்காக எடுத்த வாள் இல்லை அது. பொது இடத்தில் ஆயுதத்தோடு நடக்க யாருக்கு உரிமை, அதை முடிவு பண்ணுவது யார் என்று கேட்பதற்காக எடுத்தது. தெருவில், பூங்காவில், காட்டில் துப்பாக்கி கொண்டுபோகலாமா என்று இன்றைக்கு எழும் கேள்விக்கும் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1878-ல் வந்த சட்டம்

வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878-ல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. 1857 கிளர்ச்சியின் பயம் பிரிட்டிஷாருக்கு இன்னும் தீராத நேரம். துப்பாக்கி மட்டுமல்ல, வாள், குத்துவாள், ஈட்டி, வில் அம்பு எல்லாமே அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்'. உரிமம் இல்லாமல் இவற்றை ஏந்தி நடமாடினாலே குற்றம். ஆனால் ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். விதிகள் பின்னாளில் மாறினாலும், தோலின் நிறம் பார்த்து வந்த சட்டம் என்ற கசப்பு மட்டும் போகவில்லை.

காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15-ல், விருதுபட்டியில். இன்றைய விருதுநகர்தான் அது. அவர் பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்னால், 1899-ல், பக்கத்து ஊரான சிவகாசியில் பெரிய சாதிக் கலவரம் நடந்து முடிந்திருந்தது. யார் கையில் ஆயுதம் இருக்கிறது என்பது அந்த வட்டாரத்துக்குச் சட்டப் புத்தகத்து விஷயமில்லை. வீட்டுத் திண்ணையில் பேசப்பட்ட விஷயம்.

அப்பா குமாரசாமி சின்ன வயதிலேயே இறந்துவிட, அம்மா சிவகாமி அம்மாள்தான் வளர்த்தார். ஊர் வீடுகளில் பிடி அரிசி திரட்டி நடத்தப்பட்ட சத்திரிய வித்தியாசாலையில் படிப்பு. அதுவும் பாதியில் நின்று, மாமாவின் கடையில் வேலை. கடைக்கு வரும் பத்திரிகைகளும் டாக்டர் வரதராஜுலு நாயுடு போன்றவர்களின் மேடைப் பேச்சும்தான் அதற்குப் பிறகு அவருடைய பள்ளிக்கூடம். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தபோது அவருக்கு வயது 15. ஆயுதமில்லாமல் கூடியிருந்த கூட்டத்தை நோக்கி அரசாங்கத் துப்பாக்கிகள் சுட்ட அந்தச் செய்திதான் அவரைக் காங்கிரஸுக்குள் இழுத்தது.

நாக்பூரில் பற்றிய நெருப்பு

ஆயுதச் சட்டத்தை மீறும் யோசனை முதலில் கிளம்பியது நாக்பூரில். மஞ்சர்ஷா ஆவாரி என்ற பார்சி காங்கிரஸ்காரர் 1927-ல் ஆயுதம் ஏந்தி ஊர்வலம் போய்ச் சிறைக்குப் போனார். அந்தப் பொறிதான் தமிழ்நாட்டுக்கு வந்து வாள் சத்தியாகிரகம் ஆனது. (சிவகாசிக்காரர்களுக்கு ஒரு தகவல்: பட்டாசு ஆலைகளுக்கு 'நாக்பூர் லைசென்ஸ்' என்கிறோமே, அதே நாக்பூர்தான். வெடிபொருள் துறையின் தலைமையகம் இன்றைக்கு அங்கேதான் இருக்கிறது.)

காந்திக்கு இது பிடிக்கவில்லை. ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அகிம்சை பேசுவது பொருந்தாது என்பது அவர் எண்ணம். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. உப்பு காய்ச்சுவதும் வாள் தூக்குவதும் ஒன்றாகிவிடாது. உப்பைப் பார்த்து எதிரே நிற்பவர் பயப்பட மாட்டார். ஆனாலும், ஒரு முழு நாட்டையே சந்தேகப்பட்டு எழுதிய சட்டத்தை வேறு எப்படி உடைப்பது என்று இளைஞர்கள் கேட்டதையும் தள்ளிவிட முடியாது.

போராட்டம் ரொம்ப நாள் ஓடவில்லை. அதே வருஷம் சென்னை மவுன்ட் ரோட்டில் இருந்த கர்னல் நீல் சிலையை அகற்றும் போராட்டத்துக்கும் காமராஜரைத் தேர்ந்தெடுத்தார்கள். சைமன் கமிஷன் எதிர்ப்பு வந்ததும் அதுவும் ஒத்திவைக்கப்பட்டது.

வெடிகுண்டு வழக்கு

வாளைத் தானாகத் தூக்கியவர் மேல் அடுத்து வந்தது, அவர் தொடாத வெடிகுண்டு.

1930-ல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக 2 ஆண்டுத் தண்டனை பெற்று அலிப்பூர் சிறை. காந்தி–இர்வின் ஒப்பந்தத்தால் 1931-ல் விடுதலை. 1932 ஜனவரியில் மறுபடியும் ஓராண்டு. இந்த முறை வேலூர் சிறையில் பகத்சிங்கின் தோழர்களான ஜெயதேவ் கபூர், கமல்நாத் திவாரி ஆகியோரோடு பழக்கம் ஏற்பட்டது. புரட்சிக்காரர்களோடு பேசிய ஆள் என்ற முத்திரை போலீஸ் கணக்கில் விழ அது போதாதா?

1933-ல் விருதுநகர் தபால் நிலையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்திலும் குண்டு வீசப்பட்டது. வழக்கில் காமராஜரையும் சேர்த்தார்கள். நிரூபணமாகியிருந்தால் அத்தோடு அவருடைய அரசியல் முடிந்திருக்கும். உப்புக்காகப் போகும் ஜெயில் வேறு, குண்டு வழக்கில் போகும் ஜெயில் வேறு. அவருக்காக வாதாடியவர்கள் இரண்டு பேர். ஒருவர், சின்ன வயதில் அவர் மேடைக்குக் கீழே நின்று கேட்ட அதே வரதராஜுலு நாயுடு. இன்னொருவர் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்ததற்காக மதுரைப் பக்கத்து மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடியவர் அவர். குற்றச்சாட்டுக்கு அடிப்படையே இல்லை என்று இருவரும் நிரூபிக்க, காமராஜர் வெளியே வந்தார்.

நாலு வருஷத்தில், 1937-ல், அதே வட்டாரத்தின் சாத்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டமன்றத்துக்குப் போனார். வேலூர் சிறையில் இருந்தபோதே 1941-ல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்வானார். விடுதலையாகி வந்ததும், முழு நேரமும் கொடுக்க முடியாத பதவி எதற்கு என்று ராஜினாமா செய்துவிட்டார்.

உரிமை ஆகாமல் போன கதை

1931 கராச்சி மாநாட்டில் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. 1948 டிசம்பரில் எச்.வி.காமத் அதை அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னபோது, அரசியல் நிர்ணய சபை நிராகரித்துவிட்டது. காமராஜரும் அந்தச் சபையின் உறுப்பினர். கடைசியில் 19-வது பிரிவில் இடம்பெற்றது இதற்கு நேர்மாறானது: அமைதியாக, ஆயுதமில்லாமல் கூடும் உரிமை. தேசப் பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில் எடுத்த முடிவு அது. அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை, இந்தியாவில் துப்பாக்கி உரிமம். வித்தியாசம் இங்கேதான் பிறந்தது.

1878 சட்டத்தின் இடத்துக்கு 1959 ஆயுதச் சட்டம் வந்து, 1962 அக்டோபர் 1-ல் அமலானது. அப்போது இங்கே முதல்வர் காமராஜர். புதிய சட்டத்தில் துப்பாக்கிக்கு எல்லோருக்கும் உரிமம் கட்டாயம். வாள், குத்துவாள் போன்றவற்றுக்கு, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் மட்டும்தான் உரிமம் வேண்டும். ஒரு காலத்தில் வாளுக்காக ஜெயிலுக்குத் தயாரானவர் முதல்வராக இருக்கும்போதே அந்தத் தளர்வு நடைமுறைக்கு வந்தது.

1963-ல் பதவி விலகி, அகில இந்திய காங்கிரஸ் தலைவராக டெல்லிக்குப் போனார். 1966 நவம்பர் 7-ல் பசுவதைத் தடை கோரி நாடாளுமன்றம் நோக்கி வந்த பெருங்கூட்டம் கலவரமாக மாறியபோது, டெல்லியில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டது. உயிர் தப்பினார். அடுத்த வருஷம் சொந்த ஊர் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோல்வி. 1975 அக்டோபர் 2-ல் காலமானார்.

அவர் ஊர்க் காட்டில் இப்போ என்ன விதி?

காமராஜர் காலத்துச் சண்டை 'யார் ஏந்தலாம்' என்பதில் இருந்தது. அவருடைய கடைசிக் காலத்தில் வந்த 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 'எங்கே கொண்டுபோகலாம்' என்பதையும் சேர்த்துக் கேட்டது.

தெரு, பூங்கா மாதிரியான பொது இடங்களில், உரிமம் உள்ளவரும் துப்பாக்கியை உறையில் வைத்து, வெளியே தெரியாமல்தான் கொண்டுபோகணும். எடுத்து ஆட்டிக் காட்டினாலோ சுட்டாலோ உரிமம் போகும். உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்குச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாலும் 2 ஆண்டு வரை உண்டு.

காட்டில் கெடுபிடி இன்னும் அதிகம். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் அமைந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ முன்கூட்டியே எழுதித் தந்த அனுமதி இல்லாமல், எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் போக முடியாது. கலெக்டர் கொடுத்த துப்பாக்கி உரிமம் அங்கே செல்லாது. இந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் கத்தி, வலை, கண்ணி, விஷம், வெடிபொருள் எல்லாமே அடக்கம். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் இதில்தான் வரும். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வேட்டை என்று ஆனால் தண்டனை இன்னும் கூடும்.

அதனால் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுபவர்கள் இளநீர் வெட்டத்தானே என்று அரிவாளைப் பையில் போடாமல், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. மலையடிவார ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்து துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள், வனத்துறையிடமும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புது உரிமம் கேட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் இல்லாமல் கலெக்டர் அலுவலகத்தால் கொடுக்க முடியாது.