வெளிச்சத்துக்கு இடம் விட்டவர்: ஜெஃப்ரி பாவா

நம் குடியிருப்பில் பால்கனியை அலுமினியம் ஸ்லைடிங் போட்டு அடைத்தவர்களில் நானும் ஒருவன். சாமான் வைக்க இடம் கிடைத்ததே என்று அப்போது சந்தோஷப்பட்டேன். இப்போது காலை 11 மணிக்கே ஹாலில் டியூப்லைட் எரிகிறது. அதனால் இந்த இதழில், வீட்டுக்குள் வெளிச்சத்தையும் மரம் செடிகளையும் வரவழைத்த இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் பற்றி எழுத நினைத்தேன்.

பாவா 1919-ல் கொழும்பில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகனும் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, லண்டனில் சட்டம் முடித்து, கொழும்பு திரும்பி வக்கீல் தொழில் பார்த்தார். மனம் ஒட்டவில்லை. 1946-ல் தாயார் இறந்தபின் தொழிலை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றினார். இத்தாலியில் ஒரு வீடு வாங்கித் தங்கிவிடலாமா என்றுகூட நினைத்தார். அது நடக்கவில்லை. 1948-ல் நாடு திரும்பி, பெந்தோட்டை அருகே கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுணுகங்க.

அந்தத் தோட்டத்தை மாற்றி அமைக்க முயன்றபோதுதான், ஆசை இருக்கிறது, தொழிலறிவு இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. கொழும்பில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு மீண்டும் லண்டன் போய், தம்மைவிட இளையவர்களோடு உட்கார்ந்து படித்து, 1957-ல் தகுதி பெற்றார். அப்போது வயது 38. நம்மில் பலர் வேலையில் நிலைத்து, வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் வயது அது!

திரும்பி வந்தவர் ஒன்றைக் கவனித்தார். நம்மைப் போன்ற வெயிலும் மழையும் உள்ள நாட்டில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்தால் வெளிச்சத்தோடு சூடும் வந்துவிடும். பழைய வீடுகளில் இருந்த முற்றமும், அகலமான தாழ்வாரமும், இறங்கிய ஓட்டுக்கூரையும் வெளிச்சத்தைத் தந்து வெப்பத்தைத் தடுத்தன. அதையே இன்றைய வாழ்க்கைக்கு ஏற்றபடி கொண்டுவந்தார். 1960-களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீடு அதற்குச் சான்று. நடுவே மரங்களோடு பெரிய முற்றம், சுற்றிலும் அறைகள். தெருவிலிருந்து பார்த்தால் மதில்தான் தெரியும்; உள்ளே போனால் வானம் தெரியும். பல ஆண்டுகள் கழித்து அந்த இடம் விற்கப்பட்டபோது, வீட்டையே பிரித்து எடுத்துப்போய் லுணுகங்கவில் மறுபடி கட்டினார்கள்.

பிளாட்வாசிகளான நமக்கு மிகவும் பொருந்துவது கொழும்பில் அவரே குடியிருந்த வீடு. ஒரு சந்தில் வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளில் ஒன்றில் 1958-ல் குடிபோனார். பத்து ஆண்டுகளில் நான்கும் அவர் கைக்கு வந்தன. பக்கத்தில் ஜன்னல் வைக்க வழியில்லாத நெருக்கமான மனை. அங்கங்கே கூரையைத் திறந்துவிட்டு, சிறு முற்றங்களும் தொட்டிகளும் வைத்தார். வெள்ளைச் சுவரும் வெள்ளைத் தரையும் மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தை உள்ளே கடத்தின.

1960-களின் பிற்பகுதியிலிருந்து தமிழரான பொறியாளர் பூலோகசுந்தரம் அவருடைய பங்குதாரராக இருந்து, பெரிய வேலைகளுக்குத் துணை நின்றார். 1970-களில் நம் மதுரையிலும் பாவா ஒரு கிளப் கட்டினார். இன்று அது ஓட்டலாக இருக்கிறது. 1982-ல் கோட்டேயில் இலங்கை நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. 1990-களில் தம்புள்ளை அருகே மலைச்சரிவை ஒட்டிக் கட்டிய கண்டலம ஓட்டலில், செடிகொடிகள் கட்டடத்தின்மேலேயே படர்கின்றன.

1998-ல் பக்கவாதம் தாக்கி, பேச்சும் நடமாட்டமும் போயின. 2001-ல் ஆகா கான் சிறப்பு விருது கிடைத்தது. 2003 மே மாதம் காலமானார். ஏறக்குறைய 50 ஆண்டுகள் செதுக்கிய லுணுகங்கவிலேயே அவரைத் தகனம் செய்தார்கள்.

நம்மால் கூரையைத் திறக்க முடியாது; மேலே இன்னொரு குடும்பம் இருக்கிறது. நமக்கென்று வானம் தெரிகிற இடம் பால்கனி ஒன்றுதான். அதை அடைத்துவிட்டு அங்கே நான் வைத்திருப்பது பழைய பேப்பரும், ஓடாத மிக்சியும், இரண்டு சூட்கேஸும். சென்ற ஞாயிறு அவற்றை அப்புறப்படுத்தினோம். அடுத்த மாதம் ஸ்லைடிங்கையும் கழற்றச் சொல்லியிருக்கிறேன். போட்ட பணம் நஷ்டம்தான், அது வேறு கணக்கு. மழைச்சாரல் அடிக்குமே என்று வீட்டில் கேட்கிறார்கள். அடிக்கட்டும், துடைத்துக்கொள்ளலாம்.