குருதியாய்ந்த அறிஞர் ஹெர்மன் லேமன்

குருதி என்னும் சொல்லை உலகோர் இருவகையாக வழங்குவர். மருத்துவர்க்கு அஃது உடம்பினுள் ஓடும் செந்நீர். ஏனையோர்க்கோ குலமும் குடியும் உறவும் அதனுள் அடங்கும். இவ்விரண்டாம் வழக்கையே சட்டமாக எழுதி, ஒரு பெருநாடு தன் மக்களுள் ஒரு பகுதியாரைத் துரத்திய வரலாற்றை யாவரும் அறிவர். அங்ஙனம் நாடு துறந்தவருள் ஒருவர் பிற்காலத்தில் குருதியையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டார். நம் நீலகிரி மலையில் வாழும் பழங்குடி மக்களின் குருதியிலும் ஒரு புதுமை உண்டென உலகுக்கு உரைத்தார். அவர் பெயர் ஹெர்மன் லேமன். மருத்துவம் பயில்வோர் அவரை நன்கு அறிவர். தமிழ் பயிலும் நம்மனோர்க்கும் அவர் வரலாறு உரியதே என்னும் கருத்தால் ஈண்டு அதனைச் சுருக்கி எழுதலானேன்.

லேமன் 1910-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹாலே என்னும் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அதே ஆண்டில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜேம்ஸ் ஹெரிக் என்னும் மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிரெனடாத் தீவினின்றும் பல் மருத்துவம் பயில வந்திருந்த கறுப்பின மாணவர் ஒருவரின் குருதியை உருப்பெருக்கியில் நோக்கியபோது, வட்டமாயிருக்க வேண்டிய செவ்வணுக்கள் பல, கதிர் அறுக்கும் அரிவாள்போல் வளைந்திருக்கக் கண்டதை அவர் அதன்கண் விளக்கியிருந்தார். ஹாலே நகரத்துக் குழந்தைக்கும் சிகாகோ நகரத்துக் கட்டுரைக்கும் அன்று யாதொரு தொடர்பும் இல்லை. அத்தொடர்பு உண்டாக நாற்பது ஆண்டு சென்றது.

இந்நோயின் இயல்பை முதற்கண் சிறிது கூறுதல் வேண்டும். செவ்வணுவினுள் ஹீமோகுளோபின் என்னும் புரதம் நிறைந்துள்ளது. நுரையீரலில் உயிர்வளியை ஏற்று உடம்பெங்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. நோயுற்றாரிடத்து இப்புரதம் உயிர்வளியை இழந்ததும் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட கோல்களாக உருக்கொள்ளும். அதனால் அணுவும் வளைந்து விறைத்துவிடும். நுண்ணிய குழாய்களில் நெளிந்து செல்லும் இயல்பை இழந்து, ஆங்காங்கே அடைத்துக்கொள்ளும். பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலால் தூரும் காலத்தில் நேர்வதைத் திருப்பாலைவனத்தை அடுத்த ஏரிக்கரைக் குப்பத்தார் நன்கு அறிவர். கடல்நீர் உட்புகாது; மீன் வரத்து அறும்; இறாலும் குன்றும். அடைபட்ட இடம் சிறிது. அதனால் கெடும் பரப்போ பெரிது. உடம்பினுள்ளும் அத்தகையதே நிகழ்கின்றது. இதனை அரிவாளணுச் சோகை என்பர்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்ற பிள்ளைக்கே இந்நோய் முழுதும் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். அவரைத் தாங்கிகள் எனலாம். தாங்கியர் இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருதற்கு நான்கில் ஒரு பங்கு இடமுண்டு. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் இக்கணக்கை அனைவரும் தெரிந்திருத்தல் நலம். நிற்க. பிறந்த சில திங்கள்வரை, கருவிலிருந்த காலத்து ஹீமோகுளோபின் குழந்தையைக் காக்கும். ஏறக்குறைய ஆறு திங்களில் அக்காவல் நீங்கத் தொடங்கியதும் கையும் காலும் வீங்கிக் கடுநோவு தோன்றும். மண்ணீரலிற் குருதி திடீரெனத் தேங்குமாயின் சில மணி நேரத்திலேயே உயிர் போதலும் கூடும். மண்ணீரல் செயலற்றபின் நிமோனியாக் கிருமிகள் எளிதிற் பற்றும். மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பத்து வயது நிரம்பாத சிறுவனுக்கும் பக்கவாதம் உண்டாகும். நோவு இன்னது என்று சொல்லத் தெரியாத பருவத்தே வரும் நோயாதலின், காய்ச்சல் என்றெண்ணியே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எண்ணற்றவர்.

லேமன் பிரைபர்க், பிராங்க்பர்ட், பெர்லின், ஹைடல்பர்க் ஆகிய சர்வகலாசாலைகளில் மருத்துவம் பயின்றார். 1933-இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். யூதராதலின் லேமன் தம் நாட்டிற் பட்டம் பெற வழியின்றிச் சுவிட்சர்லாந்து சென்று, பாசல் சர்வகலாசாலையில் 1934-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஹைடல்பர்க் திரும்பி, நோபெல் பரிசு பெற்ற ஆட்டோ மேயர்ஹாபின் கீழ், தசைகளுக்கு இயங்கும் ஆற்றல் கிடைக்கும் வகையை ஆராய்ந்தார். அவர் அங்கிருந்த 1935-இல், ஜெர்மன் குருதியைக் காப்பது என்னும் பெயரால் நியூரம்பர்க் நகரிற் சட்டம் பிறந்தது. அக்குருதியின் தூய்மையை எந்த உருப்பெருக்கியைக் கொண்டும் அளந்தாரல்லர். பாட்டன் பாட்டியர் எச்சமயத்தைச் சார்ந்தவர் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தே யூதர் இன்னார் என முடிவு செய்தனர்.

1936-இல் லேமன் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரை அடைந்து, 1938-இல் அங்கே ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். ஆயினும் இடர் தீர்ந்தபாடில்லை. யூதர் என்று ஜெர்மனி அவரை விலக்கிற்று. போர் மூண்டபின், ஜெர்மானியர் என்று இங்கிலாந்து அவரை 1940-இற் சில காலம் காவலில் வைத்தது. விடுதலை பெற்ற பின்னர் அவர் ஆங்கில இராணுவ மருத்துவப் படையிற் சேர்ந்து, 1943 முதல் 1947 வரை பணியாற்றினார். அப்பணியே அவரை இந்தியாவுக்குக் கொணர்ந்தது. சோகை நோயின்பால் அவர் உள்ளம் சென்றதும் இக்காலத்தேதான்.

போர் முடிந்ததும் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டு மெக்கரேரே கல்லூரியில் ஈராண்டு தங்கி, உணவுக் குறைவையும் சோகையையும் ஆராய்ந்தார். அங்கே ஆலன் ரேப்பர் என்னும் மருத்துவருடன் கூடி, உகாண்டாவின் பல்வேறு குடிகளில் அரிவாளணு எவ்வெவ்வளவு பரவியுள்ளதென்று கண்டு 1949-இல் வெளியிட்டார். சில குடிகளில் அது மிக அருகியும், சிலவற்றில் நூற்றுக்கு நாற்பதின்மரை எட்டியும் இருந்தது. ஈண்டு ஒரு புதிர் எழுந்தது. தாங்கியர் இத்துணையர் உளராயின் நோயாளியரும் மிகுதியாக இருத்தல் வேண்டும். வளர்ந்தோரிடையே தேடினால் அவரைக் காண்டல் அரிதாயிருந்தது. அவர் எங்கே போயினர்? வளருமுன்னரே மாண்டனர் என்பதே விடை. மலேரியா என்றும் பிற காய்ச்சல் என்றும் கருதப்பட்ட சாவுகளில் அவர்தம் சாவும் மறைந்து கிடந்தது. அங்ஙனம் பிள்ளைகள் மாள மாள இக்குறையும் அருகி மறைய வேண்டுமன்றோ? தாங்கியாகிய பிள்ளையை மலேரியா எளிதிற் கொல்வதில்லை என்று 1954-இல் அந்தோணி அலிசன் காட்டியபின் அம்முடிச்சும் அவிழ்ந்தது. ஒரு பிள்ளையைக் காக்கும் அதுவே மற்றொரு பிள்ளையைக் கொல்லுகின்றது.

இனி நீலகிரிக்கு வருவோம். அந்நாள்வரை அரிவாளணு கறுப்பினத்தார்க்கே உரியது என்னும் எண்ணம் மருத்துவரிடையே வேரூன்றியிருந்தது. வெள்ளையர் ஒருவரிடம் அது காணப்படின், அவர் முன்னோருள் கறுப்பர் எவரோ இருந்திருத்தல் வேண்டும் என்று ஐயுறுமளவுக்கு அவ்வெண்ணம் முற்றியிருந்தது. குருதியைக் கொண்டு மாந்தரை வேலியிட்டுப் பிரிக்கும் பழைய பழக்கம் ஆய்வுக்கூடத்திலும் நுழைந்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகின்றது. லேமனும் மேரி கட்புஷ் என்னும் அம்மையாரும் 1952-இல் வெளியிட்ட கட்டுரை அவ்வேலியைத் தகர்த்தது. நீலகிரியின் இருளர், குறும்பர் முதலிய பழங்குடியாரிடத்து அரிவாளணு மிகுதியாக உள்ளதென அவர் காட்டினர். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இந்நோய் கண்டறியப்பட்டது. ஒரிசா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத் என்று இந்தியாவின் நடுவணும் பரவியிருத்தல் பின்னர்ப் புலனாயிற்று.

லேமன் இதனோடு அமைந்தாரல்லர். நீலகிரி மக்களும் கிழக்கு ஆப்பிரிக்க மக்களும் தொல்பழங் காலத்தில் அரேபியாவிலிருந்து பிரிந்த ஒரே வழியினராதல் கூடும் என்று கருதினார். அங்ஙனமாயின், நீலகிரிப் பழங்குடியார்க்கு உறவினர் எனக் கருதப்பட்ட இலங்கை வேடரிடத்தும் அரிவாளணு காணப்படவேண்டும். அவர் குருதியை ஆராய்ந்தபோது அஃது இல்லை. தென்கிழக்காசியாவில் மிகுதியாகவுள்ள வேறொரு வகை ஹீமோகுளோபினே இருந்தது. தம் கொள்கைக்கு மாறான அம்முடிபையும் லேமன் கூட்டத்தார் மறையாது வெளியிட்டனர். 1986-இல் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர், ஆசியாவில் இக்குறை தனியே தோன்றியது என்றனர். 2018-இல் வேறு சிலர், 7,300 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே முறை தோன்றியது என்கின்றனர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. எம்முடிபு நிற்பினும், ஓர் இனத்தின் முத்திரையாக அரிவாளணுவைக் கொள்ளுதல் இனி இயலாது.

லண்டன் மாநகரில் செயிண்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் 1951 முதலாகவும், கேம்பிரிட்ஜில் 1963 முதலாகவும் லேமன் நடத்திய ஆய்வுக்கூடத்துக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் குருதி மாதிரிகள் வந்த வண்ணமிருந்தன. புதுவகை ஹீமோகுளோபின் பற்பலவற்றை அவரும் அவர் மாணாக்கரும் கண்டறிந்தனர். அரிவாளணுவின் குறை எத்துணைச் சிறிது என்பதைக் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் 1956-இல் முன்னரே காட்டியிருந்தார். 146 கூறுகள் கோத்த ஒரு புரதச் சங்கிலியில் ஆறாவது கூறு ஒன்றே மாறியிருக்கின்றது. ஓர் எழுத்துப் பிழையாற் செய்யுள் முழுதும் பொருள் திரிதலைப் பாடம் ஓதும் நாம் அறிவோமன்றோ? 1968-இல் லேமன், மாக்ஸ் பெரூட்ஸ் என்பாருடன் கூடி, ஹீமோகுளோபினில் எவ்விடத்து மாற்றம் எந்நோயை விளைக்கும் என்பதை உருவமைப்புக் கொண்டு விளக்கினார். பெரூட்ஸும் வியன்னாவினின்று போந்தவர்; அவரும் 1940-இல் இங்கிலாந்திற் காவலில் வைக்கப்பட்டவரே. இங்கிலாந்து நாட்டு ராயல் கழகம் 1972-இல் லேமனைத் தன் உறுப்பினராக ஏற்றது.

1985-ஆம் ஆண்டில் லேமன் காலமானார். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவினின்று ஒரு நற்செய்தி வந்தது. அரிவாளணு நோயுற்ற சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் பெனிசிலின் கொடுத்துவரின், நிமோனியாக் கிருமியால் வரும் கொடுந்தொற்று நூற்றுக்கு 84 பங்கு குறைகின்றது என்பதே அச்செய்தி. மிக எளிய மருந்து; ஆயினும் நோய் இன்னதென்று பிள்ளைப் பருவத்திலேயே அறிந்தாலன்றி அதனைக் கொடுத்தல் எங்ஙனம்? ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து நோவையும் குறைக்கின்றது. நம் நாட்டில் 2023 ஜூலை முதல் நாளன்று மத்தியப் பிரதேசத்துச் சாதோலில், 7 கோடி மக்களைச் சோதிக்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இந்நோயாளியரைப் பேணி வருகின்றது.

பழவேற்காட்டு ஏரியிற் கையால் தடவி இறால் பிடிக்கும் மக்களும் இருளர் என்றே அழைக்கப்படுகின்றனர். பெயர் ஒன்றாயினும் நீலகிரி இருளரின் மொழி வேறு, வாழ்க்கை வேறு. ஆதலின் மலையிற் கண்டதைப் பெயரொற்றுமை பற்றி ஏரிக்கரையார்மேல் ஏற்றுதலும் தவறு. இவர்க்கு இல்லையென்று சோதியாது விடுதலும் தவறு. விரல் நுனியில் ஊசியாற் குத்தி எடுக்கும் ஒரு துளி போதும்.