பீட்சாக் கலைஞர் எஸ்போசிட்டோ

இத்தாலி நாட்டின் தென்பகுதியில், கடலோரமாக அமைந்துள்ளது நேப்பிள்ஸ் மாநகர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரில் ஏழை மக்கள் பெருந்தொகையினராய் வாழ்ந்தனர். அவர்தம் பசியைப் போக்கிய எளிய உணவே பீட்சா. சிறுகாசு ஒன்றுக்கு ஒரு துண்டு கிடைக்கும். செல்வர் பலர் அதனை இழிந்த உணவென்று ஒதுக்கினர். அதனைச் செய்யும் தொழிலாளரை இத்தாலியர் பீட்சாயோலோ என்று அழைப்பர்.

அத்தொழிலாளருள் ஒருவரே ரஃபயேலே எஸ்போசிட்டோ. அரண்மனைக்கு அண்மையில், மேட்டுத் தெரு ஒன்றில் அவருடைய கடை இருந்தது. அவர் மேற்கொண்ட தொழில் எளிதன்று. மாவைப் பிசைந்து புளிக்க வைத்தல் வேண்டும்; பின்னர் அதனைக் கையாலேயே மெல்லிய வட்டமாக விரித்தல் வேண்டும். கொழுந்து விட்டெரியும் விறகடுப்பில் அது ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்துவிடும். சற்றே அயர்ந்தாலும் கருகிப்போகும். ஆகவே, கண்ணும் கையும் ஒருங்கே விழித்திருத்தல் வேண்டும்.

1889-ஆம் ஆண்டு இத்தாலிய அரசி மார்கெரிட்டா நேப்பிள்ஸ் நகருக்கு வந்திருந்தார். ஏழையர் உண்ணும் பீட்சாவைச் சுவைக்க அவர் விரும்பினார் என்றும், எஸ்போசிட்டோ மூவகைப் பீட்சாக்களைச் செய்து படைத்தார் என்றும் கூறுவர். அவற்றுள் ஒன்றில் தக்காளியின் செம்மையும், மொசரல்லா என்னும் பாலாடைக்கட்டியின் வெண்மையும், திருநீற்றுப்பச்சை இலையின் பசுமையும் விளங்கின. அம்மூன்றும் இத்தாலியக் கொடியின் நிறங்கள் அல்லவா? அரசி அதனையே பெரிதும் விரும்பினாராம். அது முதல் அப்பீட்சா அரசியின் பெயரையே தாங்கி நிற்கிறது என்பர்.

அவ்வாண்டு ஜூன் 11-ஆம் நாள் அரண்மனை அலுவலர் எழுதியதாகக் கூறப்படும் நன்றிக் கடிதம் ஒன்று அக்கடையில் போற்றப்படுகிறது. எனினும், அதன் உண்மையை வரலாற்று ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். திருநீற்றுப்பச்சையும் மொசரல்லாவும் இட்ட பீட்சாவை 1866-இல் வெளிவந்த நூல் ஒன்றே குறிப்பிடுகின்றது. ஆதலின், எஸ்போசிட்டோ புதிதாக ஒன்றைப் படைத்தார் என்பதைக் காட்டிலும், பெயரறியாத் தொழிலாளர் பலர் வளர்த்த கலைக்கு அவர் பெயர் அடையாளமாயிற்று என்பதே பொருந்தும்.

1989-இல், நூறாண்டு நிறைவைக் குறித்து அக்கடைச் சுவரில் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டது. 2017-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம், நேப்பிள்ஸ் பீட்சாத் தொழிலாளரின் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அப்பெருமை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அடுப்பின் வெம்மையில் நாள்தோறும் நின்று ஏழையர் பசி தீர்த்த கைகள் அனைத்திற்கும் உரியது. செய்யும் தொழிலைச் செம்மையாகச் செய்வோர்க்குச் சிறுதொழில் என்பது ஒன்று இல்லை.